இரண்டு பாட்டில், அறுபது காப்ஸ்யூல்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்குப் பெயர் ‘பிரேக்’. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் எல்லோரும் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, “இன்னொரு தடவை பிரேக்கைப் பாத்துடலாமே” என்று மறுபடியும் மொட்டைமாடி வரை ஏற வைத்தாராம். அன்றைக்கு எரிச்சலில் யாரோ வைத்த பெயர், முப்பது வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது சின்னவர்கள் பின்னால் ‘அண்ணன்’ சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒல்லியான ஆள். சட்டைப் பையில் ஒரு குட்டி டார்ச், ஒரு துண்டுத் துணி, நான்காக மடித்த ஒரு காகிதம் எப்போதும் இருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு படி இறங்கி, திரும்ப ஏறி, பூட்டை இழுத்துப் பார்ப்பார். அவர் மனைவிக்குச் சிறுநீரக மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, முதல் நான்கு மாதம் வீட்டு நர்ஸாக உடனிருந்து கவனித்துக்கொண்டவள் நான். அதற்குப் பிறகும் மாதம் இரண்டு முறை போய் ரத்த அழுத்தம் பார்ப்பேன். அதனால் இந்தக் கதையில் பாதியை நேரில் பார்த்தேன். மீதியை அவரும் அவருடைய கூட்டாளியும், ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே சொன்னார்கள்.

கூட்டாளி என்பது அவருடைய மனைவியின் அண்ணன். இவர் ‘மச்சான்’ என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கம்பெனி மேலாளர் வரைக்கும் அவரை மச்சான் என்றே கூப்பிடுகிறார்கள். பருத்த உடம்பு, பெரிய குரல். பிரேக் நாள் முழுக்கப் பேசாத பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

லிஃப்ட் வேலையில் யாரும் தனியாக இறங்கக்கூடாது. ஒருவர் லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் போவதற்கு முன்னால் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். பூட்டுப் போட்டவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக்கூடாது. இந்த இருவரும் இருபத்திரண்டு வருடமாக ஒரே ஜோடி. வேலையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள், போகப்போக எல்லாவற்றையுமே பாதியாக்கிவிட்டார்கள். ஒரு ரொட்டி என்றால் ஆளுக்குப் பாதி. தண்ணீர் தேங்கிய அடிக்குழியில் இறங்குவது ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவர். கம்பெனி ஒரே ஒரு ஜோடி நல்ல கையுறை கொடுத்த வருடம், இடதை ஒருவரும் வலதை ஒருவரும் போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். கேட்டால், “ஆபத்தான எடத்துல ஒரு ஆளு மட்டும் நிக்கக் கூடாதும்மா” என்பார் பிரேக். அதை அவர் சட்டம் மாதிரிச் சொல்வார்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பள்ளிச் சீருடைகள், ஆஸ்பத்திரித் திரைகள். அறுவை முடிந்து ஐந்து வருடமாகிறது. மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியம் என்று விரட்டிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மாத்திரைகளைக் காலையும் மாலையும் எடுக்க வேண்டும். அதன் விலை என்னவென்றால், பக்கத்து வீட்டில் தும்மினால் இவளுக்கு நெஞ்சுச்சளி. சளிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பத்து நாள் வயிறு போகும். ஒவ்வொரு நாளும் எடை, உடம்பு வெப்பம், ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு நான்கையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுவாள். ஐந்து வருடத்தில் ஏழு நோட்டு. ஒரு நாள் விட்டதில்லை. நான் பார்த்த நோயாளிகளில் இப்படி எழுதியவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம்.

துணி தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண், நல்ல பாக்டீரியா காப்ஸ்யூல் பற்றிச் சொல்லிவிட்டுப் போனாள். வயிற்றுக்கும் நல்லது, எதிர்ப்புச் சக்திக்கும் நல்லது, எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறோம் என்று. இவள் அடுத்த பரிசோதனைக்குப் போனபோது சிறுநீரக டாக்டரிடம் கேட்டாள்.

“உங்களுக்கு வேண்டாம். ஆரோக்கியமா இருக்கறவங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. கொஞ்சம் காத்து பிரியும், வயிறு உப்பும். ஆனா அது உயிருள்ள கிருமி. குடலத் தாண்டி ரத்தத்துக்குள்ள வந்துட்டா, தடுத்து நிறுத்த உங்க உடம்புல இப்ப ஆளு கம்மி. அபூர்வம்தான், ஆனா நடந்திருக்கு” என்றார் டாக்டர்.

“எனக்கு ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு எப்பத்தான் தெரியும் டாக்டர்?”

“படிப்படியாத்தான் தெரியும். மொதல்ல நல்லா இருக்கறவங்க உடம்புல அது என்ன பண்ணுது, எதிர்ப்புச் சக்தியத் தூண்டுதா, எவ்வளவு தூண்டுதான்னு ஒழுங்காப் பாக்கணும். ஒவ்வொரு கிருமிக்கும் கணக்கு வேற.”

இதை அவள் வீட்டில் வந்து சொன்னாள். சொன்ன இரண்டாவது மாதத்தில், பிரேக்கும் மச்சானும் மாதாந்திரப் பராமரிப்புக்குப் போகும் ஆஸ்பத்திரியில், மூன்றாம் எண் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். புரோபயாடிக் என்ற நல்ல பாக்டீரியா காப்ஸ்யூலின் பாதுகாப்பையும், எதிர்ப்புச் சக்தியில் அது உண்டாக்கும் மாற்றத்தையும் அறியும் ஆய்வுக்கு ஆரோக்கியமான பெரியவர்கள் தேவை. பன்னிரண்டு வாரம்.

மச்சான் வாய்விட்டுப் படித்தார். “நமக்கு எழுதின மாதிரியே இருக்கு மாப்ளே.”

“உன் தொப்பையப் பாத்தா ஆரோக்கியம்னு ஒத்துக்குவாங்களா?”

“உன்னப் பாத்தா உயிரோட இருக்கேன்னே ஒத்துக்க மாட்டாங்க. வா, கேட்டுப் பாப்போம்.”

லிஃப்டில் ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் இரும்பு எடைக்கட்டிகளை ஏற்றிச் சோதிப்பார்கள். பிரேக்குக்கு இந்த ஆய்வு அப்படித்தான் தோன்றியது. தன் மனைவி ஏற வேண்டிய லிஃப்டில் முதலில் தானும் மச்சானும் எடைக்கட்டியாக ஏறி நிற்பது போல. இதற்கு அவருக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஆய்வை நடத்தியவர் ஒரு பெண் டாக்டர். அவருக்குக் கீழே ஒரு ஆய்வு நர்ஸ், கறார் பேர்வழி. இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள். வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருக்கிறாரா என்ற கேள்விக்கு பிரேக் உண்மையைச் சொன்னார். டாக்டர் யோசித்து, சிறுநீரக டாக்டரிடமும் பேசிவிட்டு, ஒரு நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். பாட்டில் வீட்டுக்குப் போகக்கூடாது, வேலையிடத்திலேயே வைத்துச் சாப்பிட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

“ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன், எப்படி இருக்குன்னு பாக்கறேன்” என்று மனைவி விளையாட்டுக்குத்தான் கேட்டாள்.

“பாக்கறதுக்குக்கூடக் கெடையாது” என்றார் பிரேக்.

நான் அப்போது அவள் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். “தயிர்ல இல்லாததா அந்த டப்பாவுல இருக்கப்போகுது” என்று அவள் என்னிடம் முணுமுணுத்தாள். இவ்வளவு கட்டுப்பாடான மனுஷன் என்று நான் மனதுக்குள் மதிப்பெண் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

அறுபத்து நான்கு பேர் ஆய்வில் இருந்தார்கள். பாதிப் பேருடைய பாட்டிலில் உயிருள்ள பாக்டீரியா. பாதிப் பேருடையதில் வெறும் மாவு. எது யாருக்கு என்று நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பாட்டில் மேல் எண் மட்டும். நான்கு வாரத்துக்கு ஒரு பாட்டில், அதில் முப்பது காப்ஸ்யூல். இருபத்தெட்டு நாளைக்கு இருபத்தெட்டு, கைதவறினால் ஈடுகட்ட இரண்டு. தினமும் ஒரு தாளில் காய்ச்சல், வயிறு, வாயு, மலம் பற்றி எட்டுக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது நர்ஸ் மிச்சத்தை எண்ணிப் பார்ப்பாள்.

பாட்டில் வாங்கிய முதல் நாள், இருவரும் ஆஸ்பத்திரியின் உச்சியில் இருக்கும் லிஃப்ட் மெஷின் ரூமில் உட்கார்ந்தார்கள். குளிர்ச்சி போகாத சாப்பாட்டுப் பெட்டிக்குள் இரண்டு பாட்டிலும் இருந்தன. மச்சான் திடீரென்று பேச்சைக் குறைத்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

“என்ன மச்சான்?”

“உன் பாட்டில்ல உயிரோட இருக்கறது இருந்து, உனக்கு ஏதாவது ஆயிட்டா, என் தங்கச்சிய யாருடா பாப்பா?”

“உனக்கு ஏதாவது ஆயிட்டா உன் வீட்ல அக்காவுக்கு நான்தானே பதில் சொல்லணும். நேத்தே என்னப் பிடிச்சு உலுக்கிட்டாங்க.”

பிறகு பிரேக் எழுந்து ஒரு பெயின்ட் டப்பாவின் புது மூடியைத் துணியால் துடைத்தார். இரண்டு பாட்டிலையும் அதில் கவிழ்த்தார். அறுபது காப்ஸ்யூல். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே நீளம். விரலால் நன்றாகக் கலந்தார். முப்பது முப்பதாக எண்ணித் திரும்பப் போட்டார்.

“ஆளுக்குப் பாதி. வந்தா ரெண்டு பேருக்கும் பாதி பாதிதான் வரும்” என்றார்.

மச்சானுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அடுத்த மாதமும் அப்படியே செய்தார்கள். இதில் ஏமாற்றுவது என்ற எண்ணமே இருவருக்கும் வரவில்லை. தினமும் தவறாமல் விழுங்கினார்கள், தாளில் உண்மையைத்தான் எழுதினார்கள். முதல் இரண்டு வாரம் மச்சானுக்கு வாயுத் தொல்லை. “லிஃப்டுக்குள்ள இவரோட நிக்க முடியல, அதையும் எழுதட்டுமா?” என்று பிரேக் நர்ஸிடம் கேட்டிருக்கிறார். மூன்றாம் வாரம் அது அடங்கிவிட்டது. மாதக் கடைசியில் நர்ஸ் எண்ணிப் பார்த்து, “அறுபத்து நாலு பேர்ல உங்க ரெண்டு பேரோட கணக்குதான் உதைக்காம இருக்கு” என்று பாராட்டினாள்.

ஏழாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணிக்கு மச்சானின் மனைவி போன் செய்தாள்.

“தம்பி, இவருக்கு உடம்பு கொதிக்குது. ராத்திரி முழுக்க நடுக்கம். நான் சொன்னேன்ல, சொன்னேன்ல?”

பிரேக் கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு போனார். மச்சான் கட்டிலில் இரண்டு போர்வைக்குள் இருந்தார். வெப்பமானி முப்பத்தொன்பதரை டிகிரி செல்சியஸ் காட்டியது. முப்பத்தெட்டரையைத் தாண்டினால் உடனே கூப்பிட வேண்டும் என்று ஆய்வுத் தாளிலேயே அச்சடித்திருந்தது. கூப்பிட்டார். கூட்டி வரச் சொன்னார்கள்.

அவசரப் பிரிவில் ஆய்வு டாக்டரே வந்து பார்த்தார். மச்சானுக்கு மூச்சு வாங்கியது, நாடி வேகமாக இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில், சாப்பிட்டது உயிருள்ள கிருமியா மாவா என்று தெரிந்தால்தான் எந்த மருந்து கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும். அதற்கு ஆய்வில் வழி வைத்திருப்பார்கள். டாக்டர் மருந்தகத்துக்குப் பேசி, மச்சானின் எண்ணுக்கு உரியதை மட்டும் கேட்டார். போனை வைத்தபோது முகம் தெளிந்திருந்தது.

“நல்லவேளை. இவருக்கு வந்தது மாவு பாட்டில். நம்ம கிருமிக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்ல. மத்ததப் பாருங்க” என்று பணி மருத்துவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பிரேக் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று பிறகு கேட்டேன். “சுவிட்ச் ஆஃப்ல இருக்குன்னு ஒருத்தன் சொல்றான், நான் அத ஏற்கெனவே ஆன் பண்ணி வெச்சிருக்கேன், அந்த மாதிரி இருந்துச்சு” என்றார்.

மச்சான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பல் தந்தியடிக்கும் நிலையிலும் குரலை அடக்கிக்கொண்டு சொன்னார்.

“மாப்ளே, வாயத் தொறக்காத. ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவாங்க. இது இவங்க ஆஸ்பத்திரி, கம்பெனிக்குப் புகார் போகும். ஆய்வும் கெட்டுப்போகும். தங்கச்சிக்காகத்தானே சேந்தோம்?”

“உன் ஒடம்புல பாதி இருக்கு மச்சான்.”

“எனக்கு ஒண்ணும் ஆகாது.”

“அத நீ சொல்லக் கூடாது. அவங்க சொல்லணும்.”

சட்டையிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, நடைபாதையில் டாக்டரின் பின்னால் ஓடினார். வாழ்க்கையில் அவர் ஓடிப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று மச்சான் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

“டாக்டர், அவர் சாப்ட்டது மாவு மட்டும் இல்ல. ரெண்டு பாட்டிலையும் நாங்க கலந்துட்டோம். ரெண்டு மாசமும்.”

டாக்டருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. நர்ஸுக்கு அதைவிடக் கொஞ்சம் சீக்கிரம் புரிந்தது.

“எண்ணிக்கை சரியா இருந்துச்சே!”

“எண்ணித்தான் போட்டேன் சிஸ்டர்.”

“எதுக்குங்க கலந்தீங்க?”

“ஆபத்து ஒருத்தருக்கு மட்டும் இருக்கக் கூடாதுன்னு, ஆளுக்குப் பாதி...”

டாக்டர் திட்டவில்லை. மறுபடி மருந்தகத்துக்குப் பேசி பிரேக்கின் எண்ணைக் கேட்டார். உயிருள்ள பாட்டில். “நீங்க ஆபத்தப் பாதியாக்கல. ஒருத்தருக்கு இருந்தத ரெண்டு பேருக்கு ஆக்கிட்டீங்க” என்று மட்டும் சொன்னார். பிறகு அவருக்குப் பேச நேரமில்லை. மச்சானின் ரத்தத்தை இரண்டு கையிலிருந்தும் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள். ஆய்வில் கொடுத்த பாக்டீரியா எது என்று ஆய்வகத்துக்குச் சொல்லி, அதைத் தேடச் சொன்னார்கள். அந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்பது முன்பே சோதித்து வைத்திருந்தது. அதைக் கையோடு ஆரம்பித்தார்கள். மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்கள். ரத்தத்தின் முடிவு தெரிய இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

நடுவில் மச்சானின் மனைவி வந்து சேர்ந்தாள். பிரேக் அவளிடமும் தானே சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நான் உங்கிட்ட என்ன சொன்னேன் தம்பி? இவரப் பாத்துக்கன்னு சொன்னேன். பங்கு போட்டுக்கன்னா சொன்னேன்?”

“தப்புதான் அக்கா.”

“உக்காரு. நின்னு நின்னு நீயும் விழுந்துடாத. ரெண்டு பேரையும் என்னால தூக்க முடியாது.”

அன்றைக்கு மதியம் நான் பிரேக் வீட்டில் அவர் மனைவியோடு இருந்தேன். பிரேக் வாசலிலேயே நின்றார். மச்சானுக்கு என்ன நோய் என்று தெரியாத நிலையில், அதைச் சுமந்துகொண்டு மனைவியின் பக்கத்தில் வரக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். முகமூடி போட்டுக்கொண்டு, கதவுக்கு வெளியே இருந்தபடி, முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் தையல் மெஷினை நிறுத்தவில்லை. ஒரு திரையின் ஓரத்தை அடித்து முடித்து, நூலைக் கத்தரித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“அண்ணனுக்கு மூச்சு எப்படி இருக்கு?”

“ஆக்சிஜன் வைக்கல. ஆனா வாங்குது.”

“எனக்காகத்தானே போனீங்க ரெண்டு பேரும்?”

“ஆமா.”

“ஏழு நோட்டு எழுதி வெச்சிருக்கேன். ஒரு நாள் மாத்திரைய மறந்தா, மறந்துட்டேன்னு எழுதுவேன். ஏன் எழுதறேன்? அந்தத் தாளப் பாத்துத்தான் டாக்டர் எனக்கு மருந்து போடறாரு. பொய்யான தாளப் பாத்து மருந்து போட்டா நான் செத்துருவேன். அது உங்களுக்குத் தெரியாதா?”

“தாள்ல நாங்க பொய் எழுதல.”

“பாட்டில்ல எழுதிட்டீங்க.”

பிரேக் தலையைக் குனிந்துகொண்டார். தன்னிடமே சொல்லிக்கொள்வது போலப் பேசினார். “ரெண்டு லிஃப்டு. ஒண்ணுல புது பிரேக் கட்டை, ஒண்ணுல பழசு. எது சீக்கிரம் தேயுதுன்னு பாக்கணும். தெனமும் ரெண்டையும் மாத்தி மாத்தி மாட்டினா எதுன்னு கண்டுபுடிக்கறது? எவனாவது அப்படிப் பண்ணியிருந்தா நானே அவன வேலைய விட்டு அனுப்பியிருப்பேன்.”

“இப்பவாவது புரிஞ்சுதே” என்றாள் அவள். பிறகு, “சாப்ட்டீங்களா?” என்றாள். ரொட்டியும் முட்டையும் ஒரு டப்பாவில் போட்டு நான்தான் வாசலில் கொண்டுபோய் வைத்தேன். அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பினார்.

அந்த இரண்டு நாளும் கம்பெனி வேறு ஒரு ஆளை ஜோடி சேர்த்துக்கொண்டு வேலைக்கு வரச் சொன்னது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வார்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான்காம் எண் லிஃப்ட் கதவு மூடும்போது ஒரு கிறீச் சத்தம் வந்தது. கை துறுதுறுத்தும் எழுந்து போகவில்லை. புதன்கிழமை மூக்குச் சோதனையின் முடிவு வந்தது. ஃப்ளூ காய்ச்சல். அந்த மாதம் ஊரில் பாதிப் பேருக்கு இருந்தது. ஆனால் ஃப்ளூ இருப்பதாலேயே ரத்தத்தில் வேறு கிருமி இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதையும் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன் என்றார் டாக்டர். எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

வியாழக்கிழமை மதியம் நர்ஸ் ஒரு தாளோடு வந்தாள். ரத்தத்தில் எதுவும் வளரவில்லை. காய்ச்சல் முப்பத்தேழரைக்கு இறங்கியிருந்தது. மச்சான் தலையணையில் சாய்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

“நான் அப்பவே சொன்னேன், ஒண்ணும் ஆகாதுன்னு. கேட்டானா? ஓடினான்.”

“ஓடினதாலதான் கிருமிக்கான மருந்த எதுக்கும் இருக்கட்டும்னு மொத நாளே ஆரம்பிச்சோம்” என்றாள் நர்ஸ். “அந்தக் கிருமி உங்க ரத்தத்துல இருந்திருந்தா, அவர் வாயத் தொறக்காம நின்னிருந்தா, மாவுதானேன்னு நாங்க உங்களைப் பாத்துக்கிட்டே இருந்திருப்போம். சூப்பக் குடிங்க.”

மச்சான் குடித்தார். பிரேக்குக்கு அன்று மதியம்தான் பசி எடுத்தது.

அடுத்த வாரம் இருவரையும் ஆய்வு அறைக்குக் கூப்பிட்டார்கள். வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, இருவரும் பாட்டில்களைக் கையோடு கொண்டுபோனார்கள். காப்ஸ்யூல் நிறுத்தம்தான். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கும் தாள் எழுதுவதற்கும் கடைசி வாரம் வரை வர வேண்டும் என்றார் டாக்டர். நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும். வேண்டாத ஆளை நீக்கிவிட்டு மிச்சப் பேரை மட்டும் வைத்து எழுதினால் அது இன்னொரு பொய். கம்பெனிக்குப் புகார் எழுதவில்லை. ஆய்வை மேற்பார்வை செய்யும் குழுவுக்கு எழுதினார், எழுதியதை இவர்களுக்கும் படித்துக் காட்டினார்.

“தப்புல எங்களுக்கும் பங்கு இருக்கு. ஒரே எடத்துல வேலை பாக்கற ரெண்டு பேர்னு தெரியும். கேக்கணும்னு தோணல” என்றார் டாக்டர்.

பிரேக் பையிலிருந்து அந்த மடித்த காகிதத்தை எடுத்தார். அதில் பென்சிலால் ஒரு படம் வரைந்திருந்தார். “பாட்டிலா குடுத்தா யார் வேணும்னாலும் கவுத்துக் கலக்கலாம் டாக்டர். அட்டையில குடுங்க. ஒவ்வொரு குழிக்குப் பக்கத்துலயும் அந்த ஆளோட நம்பரை அடிங்க. எங்க பூட்டு மாதிரி. அவரோடத அவருதான் தொறக்கணும். காலி அட்டையத் திருப்பிக் குடுக்கறப்ப உங்களுக்கும் தெரியும்.”

நர்ஸ் அதை வாங்கி இரண்டு தடவை பார்த்தாள். “இத மொதல் நாளே யோசிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றாள். ஆனால் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஆய்வில் கலந்துகொண்டவர்களுக்கெல்லாம் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று வந்தது. நான் போன நாளில் அது தையல் மேசை மேல் கத்தரிக்கோலுக்கு அடியில் இருந்தது. பிரேக்கும் மச்சானும் வேலை முடிந்து வந்திருந்தார்கள். அவளே கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். உயிருள்ள காப்ஸ்யூல் சாப்பிட்டவர்களில் அதனால் கடுமையான பாதிப்பு யாருக்கும் இல்லை. சிலருக்கு முதல் வாரங்களில் வாயுவும் வயிற்று உப்புசமும் இருந்தன, பிறகு குறைந்தன. ரத்தத்தில் ஒரு வகை வெள்ளையணுவின் சுறுசுறுப்பில் சிறிய மாற்றம் தெரிந்தது. மற்ற அளவுகளில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. அந்தச் சிறிய மாற்றத்தால் நோய் குறையுமா என்று இந்த ஆய்வால் சொல்ல முடியாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது.

“அவ்வளவுதானா? இவ்வளவு கஷ்டப்பட்டு...” என்றார் மச்சான்.

“இது கொஞ்சமா அண்ணே? யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு எழுதியிருக்கு. அது தெரியாம அடுத்தத யாரும் ஆரம்பிக்கவே மாட்டாங்க.” அவள் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். “இருங்க. கடைசியில ஒரு வரி இருக்கு. ‘இரண்டு பங்கேற்பாளர்கள் தங்கள் காப்ஸ்யூல்களைக் கலந்துகொண்டது தெரியவந்தது. அதில் ஒருவர் தாமாகவே தெரிவித்தார். அதன் பிறகு எண்ணிட்ட அட்டைகள் வழங்கப்பட்டன.’”

மச்சான் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். “ஒருவர்னு எழுதியிருக்காங்க. நானும் கூடத்தான் இருந்தேன்.”

“நீ சட்டையப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருந்த” என்றார் பிரேக்.

“காய்ச்சல்ல என்ன பண்றேன்னு எனக்குத் தெரியுமா?”

அவள் சிரித்துவிட்டு, இன்னொரு செய்தியும் சொன்னாள். சிறுநீரக டாக்டர் போன வாரம் ஒரு விஷயம் பேசினாராம். மாற்று உறுப்பு வைத்தவர்களுக்கு, உயிருள்ள கிருமி இல்லாமல், கொன்று பதப்படுத்திய கிருமியை வைத்து மிகச் சின்ன ஆய்வு ஒன்று தொடங்கலாமா என்று குழுவில் யோசிக்கிறார்கள். அனுமதி கிடைக்க ஒரு வருடம் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். விருப்பம் உள்ளவர்கள் பட்டியலில் இவள் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு இவள் நோட்டு நினைவுக்கு வந்தது. அந்த ஆய்வுக்கு இவளைவிட நல்ல ஆள் கிடைக்காது.

பிரேக் டார்ச்சை வெளியே எடுத்தார், திரும்பப் பையில் போட்டார்.

“யார் யார் பாத்துக்குவாங்க? எத்தனை தடவை ரத்தம் எடுப்பாங்க? நடுவுல காய்ச்சல் வந்தா யாரக் கூப்பிடறது?”

“எல்லாத்தையும் கேட்டு எழுதி வெச்சிருக்கேன். படிங்க. படிச்சுட்டுச் சொல்லுங்க. ஆனா ஒரு கண்டிஷன். நான் சேந்தேன்னா நீங்க ரெண்டு பேரும் என் அட்டை இருக்கற பக்கமே வரக் கூடாது.”

“பாதி கேக்க மாட்டோம்” என்றார் மச்சான்.

பிரேக் அவள் நீட்டிய தாளை வாங்கி, ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குப் போனார். முதல் கேள்வியிலிருந்து விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவள் சுருக்கத்தின் இரண்டு பக்கத்தையும் எட்டாவது நோட்டின் உள்ளட்டையில் ஊசியால் நாலு தையல் போட்டுச் சேர்த்தாள். நான் வெப்பமானியைக் கொடுத்தேன். முப்பத்தாறு புள்ளி எட்டு. அதை அன்றைய தேதிக்கு நேராக எழுதினாள்.